ஆல்ப்ஸ் மலைத்தொடரில் தாடிப் பாறு மீட்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

1913ஆம் ஆண்டில் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் ஒரு தாடிப் பாறு (பிணந்தின்னிக் கழுகு இனங்களில் ஒன்று) சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பழைய தாடிப் பாறுகளில் கடைசியாக அறியப்பட்ட பறவை அதுவே. 73 ஆண்டுகள் கழித்து, 1986இல், ஆஸ்திரியாவின் ஹோஹே டௌவர்ன் மலைப்பகுதியைச் சேர்ந்த ரௌரிஸ் பள்ளத்தாக்கில், கூண்டில் பிறந்து வளர்ந்த இளம் பறவைகள் முதன்முறையாக வெளியில் விடப்பட்டன. இன்று பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நான்கு நாடுகளின் ஆல்ப்ஸ் பகுதிகளில் 300க்கும் மேற்பட்ட தாடிப் பாறுகள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. ஒரு மலைப்பகுதியிலிருந்து முற்றிலும் அழிந்துபோன பாறு இனம் ஒன்றை மீண்டும் அதே மலையில் தானாக இனம் பெருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் இதைவிட நீண்ட காலம் தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட்டவை மிகச் சிலவே.

இந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது எத்தனை பறவைகள் விடப்பட்டன என்ற எண்ணையே பலரும் முதலில் சொல்வார்கள். அந்த எண் முக்கியம்தான். ஆனால் ஆவணங்களைப் படிக்கப் படிக்க, விடப்பட்ட பறவைகள் ஆண்டுதோறும் சாகாமல் இருந்ததே இந்த மீட்பைத் தாங்கி நின்றது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முடிவையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோட முயல்கிறேன்.

பறவையின் இயல்பு

தாடிப் பாறு ஐந்து முதல் ஏழு கிலோ எடையும், சிறகு விரித்தால் இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலமும் உடையது. மற்ற பாறுகள் இறந்த விலங்கின் தசையையும் உள்ளுறுப்புகளையும் தின்று முடித்த பிறகு எஞ்சும் எலும்புகளே இதன் முதன்மை உணவு. உணவில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் எலும்பும் மஜ்ஜையும்தான். சிறிய எலும்பை அப்படியே விழுங்கிவிடும். விழுங்க முடியாத பெரிய எலும்பைத் தூக்கிக்கொண்டு உயரப் பறந்து, வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு பாறைச் சரிவில் போட்டு உடைத்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கித் தின்னும். அதன் வயிற்று அமிலம் எலும்பைக் கரைக்கும் அளவுக்குக் கடுமையானது. இந்த அமிலத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

மீட்புத் திட்டத்தின் வேகத்தை நிர்ணயித்தது இதன் இனப்பெருக்க முறை. கடுங்குளிர் காலத்தில், டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான வாரங்களில், பாறைக் குகைகளில் கட்டிய கூட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஏறத்தாழ எட்டு வாரம் அடைகாத்தபின் குஞ்சுகள் பொரியும். குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவுகளில் சிக்கியும் பசியாலும் இறந்த மலையாடுகளின் உடல்கள் பனி உருகுகையில் வெளிப்படும் பருவத்தில் குஞ்சுக்கு இரை தேவைப்படும்படி இந்தக் கால அளவு அமைந்திருக்கிறது. இரண்டு குஞ்சுகள் பொரித்தாலும் மூத்தது இளையதைக் கொத்திக் கொன்றுவிடும். இரண்டாவது முட்டை, முதல் முட்டை கூழாகிப்போனால் உதவும் காப்பு மட்டுமே. எனவே ஓர் இணை ஓராண்டில் அதிகபட்சம் ஒரே ஒரு குஞ்சை வளர்க்கும். அந்தக் குஞ்சு பறக்க நான்கு மாதமும், வெற்றிகரமாக இனம் பெருக்க ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும். மெதுவாகப் பெருகி நீண்ட காலம் வாழும் இத்தகைய இனத்தில், முதிர்ந்த பறவை ஒன்றின் சாவை ஈடுகட்டப் பல ஆண்டுகளின் குஞ்சுகள் தேவைப்படும்.

அழிவுக்கான காரணங்கள்

இந்தப் பறவை ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும், குழந்தைகளைக்கூடக் கவர்ந்து போகும் என்ற நம்பிக்கை ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களிடம் வேரூன்றியிருந்தது. இரையை உயிருடன் இறுக்கிப் பிடித்துக் கொல்லும் வலிமை அதன் கால்களுக்கு இல்லை என்பதைப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள்; ஆனாலும் நம்பிக்கையே வென்றது. கொன்றவர்களுக்கு அரசுகள் பரிசுப் பணம் கொடுத்தன. பறவை அரிதாக ஆக, பாடம் செய்து காட்சிக்கு வைக்க விரும்பிய சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் கொடுத்த விலை உயர்ந்தது. அரிதானதால் வேட்டை குறையாமல் கூடியது. ஓநாய்க்கும் நரிக்கும் வைத்த நஞ்சு பாறுகளையும் கொன்றது.

இதோடு உணவும் குறைந்தது. ஐபெக்ஸ் எனப்படும் மலையாடு அளவுக்கு மீறி வேட்டையாடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கிரான் பாரதிசோ மலைப்பகுதியில் மட்டும் மிகச் சிறிய கூட்டமாக எஞ்சியிருந்தது. அங்கே 1856இல் அரச வேட்டைக்காடு அமைக்கப்பட்டதும், 1922இல் அது தேசியப் பூங்காவாக மாறியதும்தான் அந்த விலங்கைக் காப்பாற்றின. அங்கிருந்து மீண்ட ஐபெக்ஸ் 20ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் முழுவதும் பரப்பப்பட்டது. ஷாமுவா எனப்படும் மற்றொரு காட்டு ஆட்டினமும் வேட்டைக் கட்டுப்பாடுகளால் பெருகியது. 1970களில் பாறுவைத் திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழுந்தபோது அதற்கான இரை ஏற்கெனவே மலையில் இருந்தது. வேறு விலங்கைக் காக்க எடுத்த முயற்சியின் பயன் பாறுவுக்கும் கிடைத்தது என்பது இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி.

தோல்வியும் 1978இன் முடிவும்

1970களின் முற்பகுதியில் பிரான்சின் ஓத்-சவுவா பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. ஆப்கானிஸ்தானில் பிடிக்கப்பட்ட காட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து ஆல்ப்ஸில் விடுவதே திட்டம். அது பலிக்கவில்லை. தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவைகளில் விடும் நிலையில் இருந்தவை மிகச் சில, விடப்பட்டவையும் நிலைக்கவில்லை. தவிர, வேறொரு நாட்டின் காட்டிலிருந்து பறவைகளை எடுத்து இங்கே இழப்பை நிரப்புவது எவ்வகையில் நியாயம் என்ற கேள்வியும் எழுந்தது.

1978 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் பறவையியலாளர்களும் உயிரியல் பூங்காக்களின் பொறுப்பாளர்களும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும் கூடினார்கள். காட்டிலிருந்து எந்தப் பறவையையும் எடுப்பதில்லை, ஐரோப்பாவின் உயிரியல் பூங்காக்களில் ஏற்கெனவே இருக்கும் பறவைகளை இணைசேர்த்து அவற்றின் குஞ்சுகளை மட்டுமே விடுவது என்று அங்கே முடிவானது. இம்முறை மெதுவானது. முதல் விடுவிப்புக்கே எட்டு ஆண்டுகள் ஆயின. ஆயினும் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்று நான் கருதுகிறேன். பறவைகள் கைவசம் இல்லாத அந்த எட்டு ஆண்டுகளில் விடுவதற்கான இடங்கள் ஆராயப்பட்டன, நாடுகளுக்கிடையே உடன்பாடுகள் உருவாயின, மேய்ப்பர்களோடும் வேட்டைக்காரர்களோடும் பேச்சு நடந்தது. பறவைகள் உடனடியாகக் கிடைத்திருந்தால் இந்த வேலைகள் தள்ளிப்போடப்பட்டிருக்கும்.

கூண்டிலிருந்து குகைக்கு

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஆல்ப்ஸ் உயிரியல் பூங்காவில் 1970களில் தாடிப் பாறு இனப்பெருக்கத்தில் வெற்றி கிடைத்திருந்தது. வியன்னாவுக்கு அருகிலுள்ள ஹாரிங்ஸே மையம், கால்நடை மருத்துவர் ஹான்ஸ் ஃப்ரையின் வழிகாட்டுதலில், இந்தத் திட்டத்தின் இனப்பெருக்கப் பணிக்கு மையமாக அமைந்தது. வெவ்வேறு பூங்காக்களில் தனித்தனியாக இருந்த பறவைகளை இடம் மாற்றிச் சேர்த்தாலும் அவை உடனே இணைவதில்லை. பொருந்தாத இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் காயப்படுத்தும். ஓர் இணை உருவாகி முட்டையிட்டுக் குஞ்சை ஒழுங்காக வளர்க்கக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இரண்டாவது குஞ்சு சாக விடப்படாமல் பிரித்தெடுக்கப்பட்டு, குஞ்சில்லாத வேறோர் இணையிடம் வளர்ப்புக்குக் கொடுக்கப்படுவது இங்கே கையாளப்பட்ட முக்கியமான உத்தி. இயற்கையில் கட்டாயம் சாகும் ஓர் உயிர் இவ்வாறு திட்டத்துக்குக் கிடைத்தது. மனிதர் கையில் உணவு வாங்கி வளரும் குஞ்சு மனிதரையே தன் இனமாகக் கருதத் தொடங்கும் என்பதால், குஞ்சுகளை முதிர்ந்த பாறுகளே வளர்க்க வேண்டும் என்ற விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது.

குஞ்சுக்கு ஏறத்தாழ 90 நாள் வயதாகும்போது, அதாவது பறப்பதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பாக, அது மலைக்குக் கொண்டுபோகப்படும். மனிதர் எளிதில் நெருங்க முடியாத பாறைத் திட்டு ஒன்றில், கம்பளி விரித்து அமைத்த செயற்கைக் கூட்டில், இரண்டு மூன்று குஞ்சுகள் ஒன்றாக வைக்கப்படும். உணவு வைப்பவர்கள் குஞ்சுகளின் கண்ணில் படாமல் வைத்துவிட்டு விலகுவார்கள். கண்காணிப்பவர்கள் தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியாக மட்டும் பார்ப்பார்கள். குஞ்சு தானாகச் சிறகடித்துப் பழகி, தானாகவே முதல் முறை பறக்கும். எலும்பைப் பாறையில் போட்டு உடைக்கும் வித்தையைப் பெற்றோர் இல்லாமலேயே கற்றுக்கொள்ளும்; அது பிறவியிலேயே அமைந்த இயல்பு, பழகப் பழகக் குறி மட்டும் திருந்துகிறது.

முதல் பறத்தலுக்கு முன் அந்த மலையைச் சில வாரம் பார்த்து வளர்ந்த பறவை, இளமையில் பல நூறு கிலோமீட்டர் சுற்றித் திரிந்தாலும், முதிர்ந்தபின் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து இணை தேடுகிறது. முதிர்ந்த ஆப்கானியப் பறவைகளிடம் இந்தப் பிணைப்பை எதிர்பார்க்க முடியாது. 1986இல் ரௌரிஸ், 1987இல் ஓத்-சவுவா, 1991இல் சுவிஸ் தேசியப் பூங்கா, 1993இல் பிரான்சின் மெர்கான்தூரும் இத்தாலியின் கடலோர ஆல்ப்ஸும் சேர்ந்த எல்லைப் பகுதி என்று நான்கு இடங்களைத் தேர்ந்து, அங்கேயே ஆண்டுதோறும் தொடர்ந்து விட்டதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு பறவையின் சிறகிலும் வாலிலும் சில இறகுகள் தனித்தனி அமைப்பில் வெளுக்கப்பட்டன. அந்த இறகுகள் உதிரும்வரை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, மலையேறுபவர் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்தே எந்தப் பறவை என்று சொல்ல முடிந்தது. பின்னர் ஜிபிஎஸ் கருவிகள் வந்தன. ஆனாலும் மக்கள் அனுப்பிய பதிவுகள் முக்கியத்துவம் இழக்கவில்லை. ஒவ்வோர் அக்டோபரிலும் ஆல்ப்ஸ் முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் பெருந்திரளாகப் பங்கேற்கிறார்கள். ஒரு காலத்தில் சுட்டுக் கொன்ற பள்ளத்தாக்குகளின் பள்ளிக் குழந்தைகள் விடப்படும் குஞ்சுகளுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். இதை விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர் வைத்த பறவையைச் சுட வரும் ஒருவரை அந்த ஊரே தடுக்கும்.

காத்திருப்பு

முதல் விடுவிப்புக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1997இல், ஓத்-சவுவாவின் பார்ஜி மலையில் காட்டில் பொரித்த முதல் குஞ்சு பறந்தது. பணம் கொடுப்பவர்களும் அரசுகளும் பதினோரு ஆண்டுகள் ஒரு குஞ்சுகூட இல்லாமல் காத்திருந்தது சாதாரணச் செய்தியல்ல. மூன்றாண்டுத் திட்டமாக இதை வடிவமைத்திருந்தால் அது தோல்வி என்று எழுதி மூடப்பட்டிருக்கும். மறு ஆண்டு இத்தாலியின் ஸ்டெல்வியோ பகுதியிலும், 2007இல் சுவிட்சர்லாந்திலும் காட்டுக் குஞ்சுகள் பறந்தன. 1986 முதல் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட இளம் பறவைகள் விடப்பட்டுள்ளன; இப்போது ஆண்டுதோறும் காட்டில் பிறந்து பறக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கை விடப்படுபவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

உயிர்வாழ்வு என்னும் கணக்கு

விடப்பட்ட பறவைகளின் பதிவுகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நிகழ்வின் மையத்தைத் தொடுகிறது. விடப்பட்ட முதலாண்டில் உயிர்வாழும் வாய்ப்பு 88 விழுக்காடு, அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் 96 விழுக்காடு என்று அது கண்டது. இதை விரித்துப் பார்த்தால், விடப்பட்ட நூறு பறவைகளில் சுமார் 66 எட்டாம் ஆண்டின் முடிவைத் தாண்டும். ஆண்டு உயிர்வாழ்வு 96 என்பது 90 ஆகக் குறைந்திருந்தால், அதே நூறில் 42 மட்டுமே அந்த வயதை எட்டியிருக்கும். முதிர்ந்த பறவையின் சராசரி எஞ்சிய ஆயுளோ 25 ஆண்டுகளிலிருந்து பத்தாகச் சுருங்கும். ஆறு விழுக்காடு என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுவது, ஓர் இணை வளர்க்கக்கூடிய குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பாதியைவிடக் கீழே கொண்டுபோய்விடும்.

புதிய விடுவிப்புகளை நிறுத்தினாலும் ஆல்ப்ஸ் பாறுகள் பெருகும் என்றும், இனி முயற்சியைச் சாவு விகிதம் கூடாமல் கண்காணிப்பதிலும் தடுப்பதிலும் செலுத்த வேண்டும் என்றும் அந்த ஆய்வு முடிவு சொன்னது. விடுவிப்பு விழா மக்கள் கண்ணில் படும். வேட்டைக்காரர் ஈயத் தோட்டாவை விட்டு வேறு தோட்டாவுக்கு மாறியதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பறவையின் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது.

ஈயம்

இன்று ஆல்ப்ஸ் தாடிப் பாறுகளைக் கொல்லும் காரணங்களில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது ஈய நஞ்சு. ஈயத் தோட்டா மானின் உடலில் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாகச் சிதறி, காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுகிறது. வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலையும் உள்ளுறுப்புகளையும் மலையிலேயே விட்டுச் செல்வது வழக்கம். காயத்தோடு தப்பிப் பின்னர் இறக்கும் விலங்குகளும் உண்டு. பாறுகளும் பொன் கழுகுகளும் அவற்றைத் தின்னும்போது துகள்களும் உள்ளே போகின்றன. எலும்பைக் கரைக்கும் அமிலம் ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. இந்தப் பறவையை மலையில் வாழ வைக்கும் உறுப்பே இங்கே அதைக் கொல்லும் வழியாகிறது. ஈயம் மிகுந்த பறவை சோர்ந்து, பறக்கும் திறனும் தெளிவும் குறைந்து, பட்டினியாலோ கம்பியில் மோதியோ இறக்கும். ஈயத்தைச் சோதிக்காவிட்டால் சாவுக்கான காரணம் விபத்து என்றே பதிவாகும்.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. செம்பாலான, சிதறாத தோட்டாக்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஆல்ப்ஸின் சில பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அவற்றைப் பயன்படுத்தும் நடைமுறையும் தொடங்கியிருக்கிறது. ஆனால் சில நூறு சதுர கிலோமீட்டரில் இரை தேடும் பறவைக்கு ஒரு பூங்காவுக்குள் மட்டும் ஈயம் இல்லை என்பது போதாது. எல்லையைத் தாண்டியதும் பழைய தோட்டாதான். வேட்டைக்காரர்கள் மலையில் விட்டுச்செல்லும் எச்சங்கள் பாறுக்கு நல்ல உணவு. அவர்களைப் பகைத்துக்கொள்ளாமல், தோட்டாவை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்பதே சரியான வழி.

இதற்கடுத்து கம்பிகள் வருகின்றன. மின்கம்பிகளிலும் பனிச்சறுக்குத் தளங்களின் இழுவைக் கம்பிகளிலும் மோதி இறப்பது தொடர்கிறது. கம்பியில் கண்ணுக்குத் தெரியும் குறிகளைத் தொங்கவிடுவது எளிய தடுப்பு. குளிர்காலத்தில் அடைகாக்கும் பறவை என்பதால், உறைந்த அருவிகளில் ஏறுபவர்களும், ஹெலிகாப்டர்களும், கூட்டின் அருகே தாழப் பறக்கும் பாராகிளைடர்களும் கூட்டைக் கைவிடச் செய்யக்கூடும். ஓர் இணை ஓராண்டு முயற்சியை இழந்தால் மறு குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கூடுகளைச் சுற்றிப் பருவகாலத் தடை மண்டலங்கள் வரையறுக்கப்படுகின்றன.

அதே முறை எங்கும் பொருந்துமா

பிரான்சின் மத்திய மலைத்தொடரின் தெற்கே கிராண்ட் கோஸ் பகுதியில் 1981இல் யூரேசியப் பாறுகள் விடப்பட்டன. அங்கே பின்பற்றிய முறை வேறு. தாடிப் பாறு தனித்து இணையாக வாழ்வது. யூரேசியப் பாறு கூட்டமாகக் கூடு கட்டுவது. ஆகவே பறவைகளை முதிரும்வரை பெருங்கூண்டில் வைத்து, அந்த இடத்தோடும் ஒன்றோடொன்றும் பழகவிட்டு, பின் விட்டார்கள். விடப்பட்டவை மறு ஆண்டே அங்கு கூடு கட்டின. முதிர்ந்த பறவையை விடுவது ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இனத்தின் சமூக வாழ்வைப் பார்க்காமல் ஓரிடத்தில் வெற்றி பெற்ற முறையை அப்படியே பிரதி எடுப்பவர்கள் இழப்பைத் தேடிக்கொள்வார்கள்.

கிராண்ட் கோஸில் இறந்த ஆடுகளை மேய்ப்பர்களே பாறுகளுக்காக வைக்கும் உணவிடங்கள் சட்டப்படி அனுமதிக்கப்பட்டன. இறந்த ஆடுகளை அழிக்கும் ஆலைக்கு அனுப்பும் செலவு மேய்ப்பருக்கு மிச்சமானது. மாடுகளின் மூளையைத் தாக்கும் ‘பைத்திய மாட்டு நோய்’ பரவியதற்குப் பின் 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த கடும் விதிகளால் ஸ்பெயினில் பாறுகளின் உணவிடங்கள் பல மூடப்பட்டு, பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டன. பாறு உண்பது மனிதரின் சுகாதாரச் சட்டங்களோடு நேரடியாக மோதும் உணவு. ஆல்ப்ஸ் தாடிப் பாறுக்குக் காட்டு விலங்குகளே பெரும்பகுதி இரையாக இருப்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு.

மீதமுள்ள வேலை

ஆல்ப்ஸ் தாடிப் பாறுகள் அனைத்தும் சில பத்து முன்னோர்களின் வழிவந்தவை. சில இணைகள் அதிகமாகவும் சில குறைவாகவும் குஞ்சு தந்ததால் மரபணு வேறுபாடு சமமாகப் பரவவில்லை. விடுவிப்பு முற்றிலும் நிறுத்தப்படாததற்கு இதுவே காரணம். குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்ற வழிகளின் குஞ்சுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு விடப்படுகின்றன. ஆல்ப்ஸுக்கும், இந்த இனம் அழியாமல் எஞ்சிய, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைக்கும் இடையே பறவைகள் வந்துபோக வேண்டும் என்பதற்காக, 2012 முதல் கிராண்ட் கோஸிலும் தாடிப் பாறுகள் விடப்படுகின்றன. 2021இல் ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடன் தேசியப் பூங்காவிலும் பறவைகள் விடப்பட்டன. ஆல்ப்ஸின் கிழக்கில் இணைகள் மேற்கைவிடக் குறைவாக இருப்பதால் அந்த இடம் தேர்வானது. கிழக்கு ஆல்ப்ஸில் இணைகள் பெருகுவதும், பிரனீஸ் பறவைகள் ஆல்ப்ஸ் பறவைகளோடு காட்டிலேயே இணைவதும், வேட்டையில் ஈயத் தோட்டா நான்கு நாடுகளிலும் கைவிடப்படுவதும் அடுத்த இருபது ஆண்டுகளில் கவனிக்க வேண்டியவை. அவற்றில் மூன்றாவது நடந்தால் முதல் இரண்டும் விரைவில் நடக்கும் என்பதே என் கணிப்பு.